சத்தம் போடுகிற வால்வு எங்கட நண்பன்

(தோட்ட வாகனப் பகுதியில் வேலை பழகும் இளைஞர்களுக்கும் அவர்களின் குடும்பத்தவர்களுக்குமான கூட்டத்தில், யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலிருந்து வந்த கராஜ் தொழிலாளர்கள் நிகழ்த்திய உரை.)



நாங்கள் கடலுக்குள் இருந்து மலைக்கு வந்திருக்கிறோம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று யாழ்ப்பாணத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கும் தீவுகளில், லொறி, ட்ரக்டர், படகு எஞ்சின் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் பூட்டிப் பிழைத்தவர்கள் நாங்கள். மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை. கராஜில் பேசுகிற மாதிரித்தான் பேசுவோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

தீவுக்காரருக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. உங்கட கொழுந்து லொறி வழியில் நின்றால், சாக்குக்குள் அமுங்கிக் கிடக்கிற கொழுந்து சூடேறிச் சிவந்து போகும். அன்றைக்குப் பறித்த கைகளின் உழைப்பு வீணாகும். எங்கட நெடுந்தீவில் ஒரு வாகனம் நின்றால், ஒரு சின்ன வால்வு வாங்குவதற்கும் குறிகட்டுவானுக்குப் படகில் வந்து, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டி, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போக வேண்டும். காற்றுக் காலத்தில் படகே ஓடாத நாளும் உண்டு. ஆக, இரண்டு பேருக்கும் பாடம் ஒன்றுதான்: எஞ்சின் நிற்கிறதுக்கு முதல் அது என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும்.

இன்றைக்கு நாங்கள் பேசப் போவது ஒரே ஒரு விசயம். பழைய லொறி எஞ்சின் ஒன்றை முழுக்கப் பிரித்துப் புதிதாகப் பூட்டிய பிறகு, மேலே வால்வுப் பக்கம் "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் என்ன செய்வது? அதைவிட முக்கியம், என்ன செய்யக் கூடாது?

மண்ணெண்ணெய்க் காலம்

முதலில் எங்களுக்கு இந்தப் பாடம் எப்படி வந்தது என்று சொல்கிறோம்.

1990 ஜூனில் திரும்பவும் யுத்தம் தொடங்கியது. அதன்பிறகு வடக்குக்குப் பெற்றோல், டீசல், உதிரிப்பாகம் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. தீவுப்பகுதிச் சனம் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தது. நாங்களும் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணப் பக்கம் போனோம். அந்த நாட்களில் ஓடியது எல்லாம் பழைய ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் கார்கள்தான். அவற்றைச் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள்.

சனம் பிழைக்க அது உதவியது. ஆனால் எஞ்சின் அதற்கு விலை கொடுத்தது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீர் மாதிரி இளகும். இளகிய ஒயில் கேம்சாப்டையும் றொக்கரையும் காப்பாற்றாது. எரிந்தும் எரியாத கரி வால்வுத் தண்டில் ஒட்டி, வால்வு ஏறி இறங்க முடியாமல் பிடிக்கும். அந்த வருடங்களில் நாங்கள் திறந்து பார்த்த ஹெட்டுகளுக்குக் கணக்கே இல்லை. புதுச் சாமான் வாங்க வழியில்லாதபடியால், எது உண்மையில் பழுது, எது இன்னும் ஓடும் என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. அந்தப் பஞ்சம்தான் எங்களுக்கு வாத்தியார்.

கதவும் இடைவெளியும்

வால்வு என்றால் என்ன? அது ஒரு கதவு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு கதவு இருக்கும். ஒன்று காற்றை உள்ளே விடும், மற்றது புகையை வெளியே விடும். இந்தக் கதவுகளை எப்போது திறப்பது என்று உத்தரவு கொடுப்பது கீழே இருக்கும் கேம்சாப்ட். பெரட்டில் நின்று யாருக்கு எந்த மலை என்று சொல்கிற கங்காணி மாதிரி. அதன் மேடு சுற்றி வரும்போது டப்பட்டைத் தூக்கும். டப்பட் புஷ்றொட்டைத் தூக்கும். புஷ்றொட் றொக்கரின் ஒரு நுனியைத் தூக்க, மற்ற நுனி வால்வை அமுக்கித் திறக்கும். மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடும். கிராங் இரண்டு முறை சுற்றினால் கேம்சாப்ட் ஒரு முறை சுற்றும். இதை மனதில் வையுங்கோ, பிறகு தேவைப்படும்.

இப்போது ஒரு கேள்வி. லயத்து வீட்டு மரக் கதவு மழைக்காலத்தில் என்ன செய்யும்? ஊதிப்போய் நிலையில் இறுகும், மூடாது. கெட்டிக்காரத் தச்சன் அதற்காகவே ஒரு நூல் இடம் விட்டுத்தான் கதவைப் பூட்டுவான். இரும்பும் சூட்டில் அப்படித்தான் ஊதும். ஆகவேதான் றொக்கருக்கும் வால்வு நுனிக்கும் இடையில் மெல்லிய இடைவெளி விடுகிறோம். நாங்கள் "டப்பட் வைக்கிறது" என்று சொல்வது இந்த இடைவெளியைத்தான். மொறிஸ் மைனருக்கு அது 0.012 அங்குலம், ஒஸ்ரின் கேம்பிரிஜுக்கு 0.015 அங்குலம், இரண்டும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. உங்கட லொறிக்கு என்ன அளவு, அதைக் குளிரிலா சூட்டிலா வைக்க வேண்டும் என்பதை அந்த எஞ்சினின் புத்தகத்தில் பாருங்கோ. பக்கத்துத் தோட்டத்து லொறியின் அளவை இரவல் வாங்காதையுங்கோ.

இடைவெளி கூடினால் சத்தம் வரும், வால்வு முழுதாகத் திறக்காது. இடைவெளி குறைந்தால் சத்தம் வராது. ஆனால் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது. இந்த இரண்டாவதுதான் ஆபத்து. ஏனென்றால் புகை போகிற வால்வு சிவக்கச் சிவக்கக் காய்வது. மூடி உட்காரும் நேரத்தில்தான் அது தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுத்து ஆறும். உட்கார விடாவிட்டால் அது ஆறாது. போதாததற்கு நெருப்புக் காற்று அதன் விளிம்பால் பீறிக்கொண்டு போகும். கடைசியில் விளிம்பு எரிந்து பல்லுப் பல்லாக உடையும்.

நாங்கள் செய்த பிழை

இனி எங்கட வெட்கக் கதை. யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, நெடுந்தீவில் ஒரு பழைய ஆறு சிலிண்டர் டீசல் லொறியின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினோம். புது பிஸ்டன் ரிங், புது பெயாரிங், கடைந்தெடுத்த வால்வு. காசு குறைவென்றபடியால் பழைய றொக்கர்களையே போட்டோம். ஸ்டார்ட் பண்ணியதும் நல்ல மூச்சு. ஆனால் மேலே "டிக் டிக்" என்று ஒரு சத்தம்.

லொறிக்காரர், "இவ்வளவு காசு கொடுத்தும் சத்தமா?" என்று முகத்தைச் சுளித்தார். எங்களுக்கும் மானப் பிரச்சினை. இடைவெளியை அளந்தோம், அளவு சரியாகத்தான் காட்டியது. ஆனாலும் சத்தம் நிற்கவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? அளவை மறந்தோம். சத்தம் அடங்கும் வரைக்கும் பன்னிரண்டு டப்பட்டையும் இறுக்கினோம். எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. லொறிக்காரர் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

சில வாரம் போனது. லொறி முன்னைப்போல் இழுக்கவில்லை என்று சொன்னார். "ஓடி ஓடிச் சரியாகும்" என்றோம். ஒரு நாள் இரவு, நெஞ்சு நோ என்று துடித்த ஒரு ஐயாவை ஏற்றிக்கொண்டு அந்த லொறி படகுத்துறைக்குப் போனது. வழியில் துணைக்கு ஒருவரை ஏற்றுவதற்காக நிற்பாட்டினார்கள். எஞ்சின் அணைந்தது. திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. இருட்டுக்குள் தள்ளிப் பார்த்தார்கள், மூச்சில்லை. கடைசியில் அயலில் இருந்த ஒரு லான்ட்மாஸ்டரை எழுப்பி, அதன் பெட்டியில் பாயை விரித்து ஐயாவைக் கொண்டு போனார்கள். ஐயா பிழைத்தார். அது எங்கட கெட்டித்தனத்தால் அல்ல, அயலவரின் நல்ல மனதால்.

அடுத்த நாள் ஹெட்டைக் கழற்றினோம். மூன்று சிலிண்டர்களில் புகை வால்வு சரியாக உட்காரவில்லை. ஒன்றின் விளிம்பு எரிந்து பிளந்திருந்தது. டீசல் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி இல்லை, காற்றை நெருக்குகிற சூட்டில்தான் அது பற்றும். வால்வால் காற்றுப் போனால் எங்கே பற்றுவது?

சத்தத்தின் உண்மையான காரணம் என்ன தெரியுமா? றொக்கர்களைத் தாங்கும் தண்டுக்கு ஒயில் ஏறுகிற சின்னத் துளையை, நாங்கள் கஸ்கெட்டுக்குப் பூசிய பசை அடைத்துவிட்டது. றொக்கர்கள் காய்ந்த நிலையில் ஓடின. போதாததற்கு, பழைய றொக்கரின் நுனி வால்வு நுனியில் உரசி உரசிக் குழி விழுந்திருந்தது. அளக்கிற தகடு தட்டையானது. அது குழியின் மேலால் பாலம் மாதிரிக் கிடக்கும். ஆகவே தகடு "சரி" என்று சொல்லும், ஆனால் உண்மையான இடைவெளி கூட இருக்கும். சத்தம் எங்களுக்கு இரண்டு உண்மைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் வாயைப் பொத்தினோம். நெஞ்சு நோவுக்குப் பனடோல் போட்டுவிட்டுப் படுக்கிறது போன்ற வேலைதான் அது.

எப்படித் தேடுவது

அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். முதலில் கேள், பிறகு பார், பிறகு அள, கடைசியாகத்தான் கழற்று. ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, டிரைவரிடம் கேளுங்கோ. சத்தம் காலையில் குளிரில் மட்டும் வருகிறதா, சூடான பிறகு வருகிறதா, எப்போதுமா? என்ன வேலை செய்த பிறகு தொடங்கியது? பாதிப் பழுது இந்தப் பதிலிலேயே பிடிபடும்.

இரண்டாவது, காதால் கேளுங்கோ. கேம்சாப்ட் பாதி வேகத்தில் சுற்றுவதால், வால்வுச் சத்தம் எஞ்சின் சுற்றுகிற வேகத்தில் பாதியாக, லேசாக, மேலே கேட்கும். கீழேயிருந்து "டொக் டொக்" என்று கனத்த சத்தம் வந்தால் அது பெயாரிங், உடனே நிற்பாட்டுங்கோ. ஒரு நீளமான ஸ்குறூ ட்றைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்தால் இடம் தெரியும். ஆனால் பேனும் பெல்ட்டும் சுற்றுகிற பக்கம் தலைமுடி, சாரம், துவாய் ஒன்றும் போகக் கூடாது.

மூன்றாவது, ஒயிலைப் பாருங்கோ. அளவு சரியா? விரலில் தேய்த்தால் வழுக்குகிறதா, இளகி ஓடுகிறதா? றொக்கர் மூடியைக் கழற்றி எஞ்சினை மெதுவாக ஓட விடுங்கோ. ஒவ்வொரு றொக்கரிலும் ஒயில் கசிந்து வர வேண்டும். ஒன்று காய்ந்து கிடந்தால் டப்பட்டைத் தொடாதையுங்கோ, துளையைத் தேடுங்கோ. இந்த மூன்றாவதை நாங்கள் அன்றைக்குச் செய்திருந்தால் அந்த இரவு வந்திருக்காது.

நான்காவது, சத்தம் எந்த வால்வில் என்று பிடியுங்கோ. மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் அளவுத் தகட்டைச் செருகிப் பாருங்கோ. எதில் செருகியதும் சத்தம் குறைகிறதோ அதுதான் ஆள்.

ஐந்தாவது, எஞ்சினை நிற்பாட்டி அளவுங்கோ. இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சினுக்குக் கூட்டுத்தொகை 5, ஆறு சிலிண்டருக்கு 7. ஆறு சிலிண்டரில் முதலாவதை அளக்க வேண்டுமா? ஒன்றோடு ஆறைக் கூட்டினால் ஏழு. ஆகவே ஆறாவது சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கோ. அதன் ஒரு வால்வு மூடி முடிய, மற்றது திறக்கத் தொடங்கி, இரண்டு றொக்கரும் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த நேரத்தில் முதலாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் முழுதாக மூடியிருக்கும். அப்போது அளவுங்கோ. இரண்டுக்கு ஐந்து, மூன்றுக்கு நாலு. நாலு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு நாலு, இரண்டுக்கு மூன்று. ஒரே வரிசையில் சிலிண்டர் நிற்கும் வழக்கமான எஞ்சின்களுக்கு இது பொருந்தும். றொக்கர் நுனியில் குழி இருந்தால் தகட்டை நம்பாதையுங்கோ, நுனியைச் சீராக்கி அல்லது மாற்றிவிட்டு அளவுங்கோ.

ஆறாவதுதான் பொக்கிசம். அளந்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கோ. அடுத்த முறை அளக்கும்போது பழைய எண்ணோடு ஒப்பிடுங்கோ. சரியாக வைத்த இடைவெளி திரும்பத் திரும்பக் கூடுகிறதா? கேம் மேடோ, டப்பட்டோ, றொக்கரோ தேய்கிறது. அந்த வால்வு மற்றவற்றைவிடக் குறைவாகத் திறக்கிறதா என்றும் பாருங்கோ. குறைவென்றால் கேம் மேட்டில் சந்தேகம். மாறாக, இடைவெளி திரும்பத் திரும்பக் குறைகிறதா? வால்வு இருக்கைக்குள் அமிழ்கிறது, அல்லது வால்வுத் தண்டு நீள்கிறது. சத்தம் இல்லாத பழுது இதுதான். கொப்பிதான் இதைக் காட்டிக் கொடுக்கும், காது காட்டாது.

ஏழாவது, இழுவை குறைந்தால் எந்தச் சிலிண்டர் சோம்பேறி என்று பாருங்கோ. டீசலில், ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் கொஞ்சம் தளர்த்தி இறுக்கினால், வேலை செய்கிற சிலிண்டரில் எஞ்சின் தடுமாறும், சோம்பேறியில் ஒரு மாற்றமும் இராது. அந்த டீசல் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகக் கூடியது. துணியால் மூடி, கண்ணாடி போட்டு, பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கோ. பெற்றோல் எஞ்சினில் நெருக்கத்தை அளந்து, குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கோ. அளவு ஏறினால் ரிங்கில் பிழை. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில்தான் பிழை.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஹெட்டைக் கழற்றலாம். கழற்றினால் அதைக் கவிழ்த்து வைத்து, வால்வுக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கோ. எந்த வால்வால் கசிகிறதோ அது உட்காரவில்லை.

பிரித்துப் பூட்டிய எஞ்சினுக்கு விசேடமாக

ஹெட்டைச் சீவியிருந்தால் அது பதிந்து உட்காரும், புஷ்றொட் நீண்ட மாதிரி ஆகி இடைவெளி குறையும். ஆகவே அளவை முதலில் இருந்து வைக்க வேண்டும். ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்கச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தால், இறுக்கிய பிறகு டப்பட்டைத் திரும்ப அளக்க வேண்டும். பழைய டப்பட், புஷ்றொட், றொக்கர் எது எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே போக வேண்டும். நாங்கள் ஒரு மட்டைப் பெட்டியில் பன்னிரண்டு துளை போட்டு, எண் எழுதிச் செருகி வைப்போம். புஷ்றொட்டைக் கண்ணாடியில் உருட்டினால் வளைவு தெரியும். டைமிங் பல்லுகளின் குறி ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் மிகக் குறைந்த இடம்தான், ஒரு பல்லுத் தவறினாலும் இரண்டும் மோதலாம்.

எங்கட தீவில் உப்புக் காற்று வால்வு ஸ்பிரிங்கைத் துருவாக்கி முறிக்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றருக்கு விட்டால் ஹெட்டுக்குள் படிவு கட்டி, வால்வு இருக்கை ஆறாது. ஆகவே மழைத் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். உங்களுக்கு நல்ல தண்ணீர் உண்டு, ஆனால் உங்களுக்கு இறக்கம் இருக்கிறது. பாரத்தோடு சின்னக் கியரில் இறங்கும்போது எஞ்சினை அளவுக்கு மிஞ்சிச் சுற்ற விட்டால், ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாது. புஷ்றொட் வளையும், சில வேளை வால்வும் பிஸ்டனும் மோதும். அதற்காக நியூட்ரலில் இறங்காதையுங்கோ, அது உயிராபத்து. கியரிலேயே, பிரேக்கோடு, மெதுவாக இறங்குங்கோ.

கடைசியாக

தம்பிமாரே, தங்கைமாரே, இந்தத் தொழிலுக்கு முதலில் தேவை பலம் அல்ல, பொறுமை. ஆகவே பெண் பிள்ளைகளாலும் இதைப் பழக முடியும். தோட்டத்து வாகனப் பகுதியில் கை பழகியவர்கள் அதோடு நிற்காமல், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் ஒன்றை எடுக்கப் பாருங்கோ. மொரட்டுவையிலும் கிளிநொச்சியிலும் மோட்டார் வாகனத் தொழில் படிப்பிக்கிற இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கைவேலைக்குக் கடதாசியும் சேர்ந்தால் சம்பளம் கேட்க வாய் வரும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். லொறியில் நீங்களும் பிள்ளைகளும் ஏறுகிறீர்கள். அதில் புதுச் சத்தம் கேட்டால் டிரைவரிடம் சொல்லுங்கோ. "இவர்களுக்கு என்ன தெரியும்" என்று நினைக்கிறவர் நல்ல டிரைவர் இல்லை.

நாங்கள் இன்றைக்கும் ஒரு புது எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது, கொஞ்சம் டப்பட் சத்தம் கேட்டால் பதறுவதில்லை. கேட்கிறோம், பார்க்கிறோம், அளக்கிறோம். அளவு சரி, ஒயில் சரி என்றால், "லேசான சத்தம் இருக்கட்டும் அண்ணை, அது உங்கட வால்வைக் காப்பாற்றும்" என்று லொறிக்காரரிடம் நேரே சொல்லிவிடுகிறோம். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இருட்டில் பாயோடு லான்ட்மாஸ்டரில் போன அந்த ஐயாவை நினைத்துக்கொண்டால், எங்களுக்கு அந்தச் சுளிப்பு பெரிதாகத் தெரியாது.

 இனி வெளியே நிற்கிற கொழுந்து லொறியின் மூடியைத் திறப்போம், வாருங்கோ. பீலர் கேஜை யார் முதலில் பிடிப்பது?